போரூர் ஏரித் தண்ணீர்: 0.22 மைக்ரான் ஃபில்டர் 150 மில்லியிலேயே அடைத்துக்கொள்கிறது, என்ன செய்யலாம்?

நுண்ணுயிர்_மாணவி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ப்ராஜெக்டுக்குப் போரூர் ஏரியை எடுத்திருக்கிறேன். இரண்டு வேலை இருக்கிறது. கரையோரம் மூன்று இடங்களில் கோலிஃபார்மும் ஈ. கோலையும் (கழிவுநீர் கலப்பைக் காட்டும் பாக்டீரியா) எவ்வளவு என்று எண்ண வேண்டும். அப்புறம், ஃபில்டரில் தங்கியதிலிருந்து டிஎன்ஏ எடுத்து 16எஸ் (பாக்டீரியாவை அடையாளம் காட்டும் மரபணு) சீக்வென்சிங்குக்கு அனுப்பி, என்னென்ன பாக்டீரியா இருக்கின்றன என்று பார்க்க வேண்டும்.

முதல் நாளே மாட்டிக்கொண்டேன். ஒரு லிட்டர் வடிகட்டலாம் என்று 47 மில்லிமீட்டர் அகலமும் 0.22 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துளையும் உள்ள மெம்பிரேன் தாளை வைத்து வேக்குவம் பம்பைப் போட்டேன். முதல் 50 மில்லி நன்றாக இறங்கியது, அப்புறம் சொட்டு சொட்டாக, 150 மில்லி தாண்டும்போது நின்றே போய்விட்டது. தாளைப் பார்த்தால் பச்சைப் பசேல் என்று பாசி அப்பியிருக்கிறது. பம்பை முழு வேகத்தில் வைத்தும் பயனில்லை.

சீனியர் அக்கா "முதலில் வாட்மேன் 1 என்னும் சாதாரண ஃபில்டர் தாளில் வடிகட்டிவிட்டு, அந்தத் தண்ணீரை 0.22இல் விடு, சுலபமாக இறங்கும்" என்கிறார். என் கைடு "0.45 போதுமே" என்கிறார். வகுப்புத் தோழன் கிளாஸ் ஃபைபர் ஃபில்டர் போடச் சொல்கிறான். மூன்று பேரும் மூன்று சொன்னால் நான் எதைச் செய்வது? தண்ணீரை 11 மணி வாக்கில் எடுத்தேன், ஸ்கூட்டரில் பையில் வைத்துக் கல்லூரிக்குக் கொண்டுவர ஒன்றரை மணி நேரம் ஆனது, மதியம் சாப்பிட்டுவிட்டு 3 மணிக்கு ஆரம்பித்தேன். இதையும் சொல்லிவிடுகிறேன், ஏதாவது தப்பிருந்தால் சொல்லுங்கள்.

நீராய்வாளர் எழுதியது:

கண்ணு, முதலில் கடைசி வரியிலிருந்து வருகிறேன். ஏப்ரல் வெயிலில் பையில் வைத்து நான்கு மணி நேரம் கழித்து ஆரம்பித்தால் நீ எண்ணப்போவது ஏரியில் இருந்த எண்ணிக்கையை இல்லை. அந்தச் சூட்டில் சில பாக்டீரியா பாட்டிலுக்குள்ளேயே பெருகும், சில செத்துப்போகும், எது எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. தெர்மாகோல் பெட்டி, உடைத்த ஐஸ், இருட்டு. பாட்டில் நேராக ஐஸ் தண்ணீரில் மூழ்கக் கூடாது, மூடி வழியாக உள்ளே போகும். எடுத்த 6 மணி நேரத்துக்குள் கிருமி வளர்க்கும் தட்டில் போட்டுவிடு. 30 வருடம் தண்ணீர் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். வாங்கி வைத்த சாம்பிளைக் காக்க வைத்து நாசம் செய்ததைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன், ஃபில்டர் தப்பாகப் போனது அதற்கு அப்புறம்தான்.

இனி ஃபில்டருக்கு வருவோம். நீ இரண்டு கேள்விகளை ஒரே தாளில் போட்டுக் குழப்பிக்கொள்கிறாய். கோலிஃபார்ம் எண்ணுவதற்கு உன் கைடு சொல்வது சரி, 0.45 மைக்ரான், கட்டம் போட்ட வெள்ளை மெம்பிரேன். கோலிஃபார்ம் ஒன்றும் அவ்வளவு சின்ன உயிரி இல்லை, 0.45இல் நிற்கும், காலனியும் (கிருமி பெருகி உண்டாகும் புள்ளி) நன்றாக வளரும். ஆனால் இதற்கு லிட்டர் கணக்கில் எதற்குத் தண்ணீர்? 100 மில்லி என்பது குடிநீருக்கான கணக்கு. ஐ.எஸ். 10500 என்னும் இந்தியக் குடிநீர்த் தரத்தில் எந்த 100 மில்லியிலும் ஈ. கோலை இருக்கக் கூடாது என்றிருப்பதால் அங்கே 100 மில்லி வடிகட்டுகிறோம். ஏரித் தண்ணீரில் 100 மில்லி போட்டால் தாள் முழுக்கப் படர்ந்து எண்ணவே முடியாது. 10 மில்லி, 1 மில்லி, 0.1 மில்லி என்று மூன்று அளவு போடு. ஒரு தட்டில் 20 முதல் 80 வரை காலனி வரும் அளவைத்தான் எண்ணிக்கைக்கு எடுக்க வேண்டும். 1 மில்லி, 0.1 மில்லி போடும்போது புனலில் முதலில் 20, 30 மில்லி ஸ்டெரைல் பஃபரை (கிருமியில்லாத உப்புக் கரைசல்) ஊற்றிவிட்டு அதில் சாம்பிளை விடு. இல்லையென்றால் தாளின் ஒரு மூலையில் எல்லாம் கூடிக்கொள்ளும். பஃபருக்குப் பதில் வெறும் டிஸ்டில்டு வாட்டர் வேண்டாம், ஏற்கனவே வெயிலிலும் குளோரினிலும் அடிபட்ட செல்கள் அதில் உப்பி உடைந்துபோகும்.

இன்னொன்று. இப்போது எல்லோரும் ஐ.எஸ். 15185 என்னும் தரமுறைப்படி, கிருமிக்கேற்ப நிறம் காட்டும் குரோமோஜெனிக் தட்டுக்குப் போகிறார்கள். நல்ல முறைதான், ஆனால் அது மற்ற பாக்டீரியா குறைவாக இருக்கும் சுத்தமான தண்ணீருக்கு எழுதப்பட்டது. ஏரித் தண்ணீரில் பக்கத்து வீட்டுக்காரர்களான மற்ற பாக்டீரியா எல்லாம் தாளை நிறைத்துவிடும். 44.5 டிகிரியில் எம்எஃப்சி தட்டு (மலக் கோலிஃபார்முக்கான ஊடகம்) போட்டால் அந்தக் கூட்டம் அடங்கும், நீலக் காலனி தனியாகத் தெரியும். கூடவே பழைய எம்பிஎன் குழாய் முறையையும் ஒரு முறையாவது செய்து பார். பதினைந்து ஊட்டக் குழம்புக் குழாய், உள்ளே டர்ஹாம் என்னும் கவிழ்த்த சின்னக் குழாயில் வாயு; எத்தனை குழாயில் வாயு வந்தது என்பதிலிருந்து எண்ணிக்கையைக் கணிப்பார்கள். தண்ணீர் எவ்வளவு கலங்கலாக இருந்தாலும் குழாய்க்குக் கவலையில்லை, அடைத்துக்கொள்ள அங்கே எதுவும் இல்லை. வரும் எண் ஒரு மதிப்பீடுதான், ஏற்ற இறக்கம் பெரிதாக இருக்கும், அதை மறக்காதே. இரண்டு முறையும் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் இருந்தால் எங்கோ கை தப்பியிருக்கிறது என்று அர்த்தம்.

மரபணு_தேடி எழுதியது:

கோலிஃபார்ம் பகுதியில் மேடம் சொன்னதற்கு மேல் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. டிஎன்ஏ பக்கம் நான் வருகிறேன், ஐந்து வருடமாக இதே வேலை.

தங்கச்சி, அந்த வாட்மேன் 1 யோசனையை மட்டும் தயவுசெய்து அப்படியே செய்யாதீர்கள். அந்தத் தாள் 11 மைக்ரான் அளவில் நிறுத்தும். கேட்க நல்லதாகத்தான் இருக்கும், ஏனென்றால் தனி பாக்டீரியா ஒன்றிரண்டு மைக்ரான்தானே, போய்விடும் என்று நினைப்போம். ஆனால் உங்கள் தாளைப் பச்சையாக்கியது எது? மைக்ரோசிஸ்டிஸ் மாதிரி நீலப்பச்சைப் பாசியாக இருக்க வாய்ப்பு அதிகம். அதன் ஒரு செல் சில மைக்ரான்தான், ஆனால் பசைக்குள் நூற்றுக்கணக்கில் கூட்டமாக வாழும். அந்தக் கூட்டம் முழுக்க வாட்மேன் தாளில் தங்கிவிடும். அதோடு அந்தப் பசையில் ஒட்டிக்கொண்டிருக்கும் மற்ற பாக்டீரியா, மண் துகளில் ஒட்டியவை, மட்கிய ஆகாயத்தாமரைத் துணுக்கில் வாழ்பவை எல்லாமே போச்சு. அந்தத் தாளைக் குப்பையில் போட்டுவிட்டு, "போரூர் ஏரியில் இந்த இந்த பாக்டீரியா இருக்கின்றன" என்று ரிப்போர்ட் எழுதினால், ஏரியில் தனியாக நீந்துபவர்களை மட்டும் எழுதியதாக ஆகும். ஏரியை ஏரியாக வைத்திருப்பதே அந்தப் பாசிதான், அதையே காணோம் என்று எழுதுவீர்கள்.

நான் செய்வது: 20 மைக்ரான் வலை, அடுத்து 3 மைக்ரான் பாலிகார்பனேட், அடுத்து 0.22. மூன்றையும் வைத்துக்கொண்டு மூன்றிலிருந்தும் தனித்தனியே டிஎன்ஏ எடுப்பேன். பணமும் டிஎன்ஏ பிரிக்கும் கிட்டும் பத்தாது என்றால் 3 மைக்ரான், 0.22 இரண்டு மட்டும். பிரித்து வைத்தால் ஒட்டி வாழ்பவை எவை, தனியாக வாழ்பவை எவை என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும், அதுவே உங்கள் ப்ராஜெக்டில் ஒரு நல்ல அத்தியாயம்.

லிட்டர் மேல் பிடிவாதம் வேண்டாம். பச்சையான ஏரியில் 100, 150 மில்லி இறங்கினாலே 16எஸ்ஸுக்குத் தேவையான டிஎன்ஏ தாராளமாக இருக்கும். அதிகம் வேண்டுமென்றால் ஒரே தாளைக் கொடுமைப்படுத்தாமல் மூன்று தாளில் பிரித்து விட்டு, எடுக்கும்போது ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தாளிலும் எத்தனை மில்லி இறங்கியது என்று பென்சிலில் எழுதி வையுங்கள், அதுதான் பின்னால் காப்பாற்றும்.

பம்பை முழு வேகத்தில் வைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள், அது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கேஜைப் பாருங்கள், 200 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு மேல் இழுக்கக் கூடாது. அதற்கு மேல் போனால் மென்மையான செல்கள் தாளின் மேலேயே வெடித்து, உள்ளே இருந்த டிஎன்ஏ துளை வழியாகக் கீழே குடுவைக்குப் போய்விடும். நீங்கள் தூக்கிக் கொட்டும் தண்ணீரில் உங்கள் விடை இருக்கும்.

கிளாஸ் ஃபைபர் பற்றி: ஜிஎஃப்/எஃப் என்னும் வகையில் 0.7 மைக்ரான் என்று போட்டிருப்பது பெயரளவுக்கு. அதில் நேரான துளை கிடையாது, நார் பின்னல். தண்ணீர் நிறைய இறங்கும், குளோரோஃபில் அளக்க அதைப்போல் வேறில்லை. ஆனால் ஏரியின் சின்ன பாக்டீரியாவில் ஒரு நல்ல பங்கு ஓடிவிடும். அடைக்க அடைக்கத் துளை சுருங்கி மெல்ல மெல்லச் சின்னதையும் பிடிக்க ஆரம்பிக்கும், அதாவது முதல் 100 மில்லியும் கடைசி 100 மில்லியும் ஒரே ஃபில்டர் வழியாகப் போனவை இல்லை. மூன்று இடங்களை ஒப்பிடும் வேலைக்கு இது ஆகாது.

நுண்ணுயிர்_மாணவி எழுதியது:

மிக்க நன்றி மேடம், நன்றி அண்ணா. வாட்மேன் தாளை ஒரு முறை செய்து பார்த்துவிட்டேன், தாளையும் போட்டுவிட்டேன். அந்த சாம்பிளை விட்டுவிட்டு மறுபடி எடுக்கிறேன். வடிகட்டி பாக்கெட் மாதிரி மூடியே வரும் ஸ்டெரிவெக்ஸ் என்று ஒன்று பேப்பர்களில் பார்த்தேனே, அது எப்படி? அப்புறம், வடிகட்டாமல் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றினால் என்ன?

மரபணு_தேடி எழுதியது:

ஸ்டெரிவெக்ஸ் நல்ல பொருள். மூடிய உறைக்குள் 0.22 மெம்பிரேன், ஒரு பெரிய சிரிஞ்ச் இருந்தால் ஏரிக்கரையிலேயே உட்கார்ந்து தள்ளிவிடலாம், பம்ப் வேண்டாம், கை பட்டு அசுத்தமாகும் பயம் குறைவு, உள்ளே பஃபரை விட்டு இரு முனையும் மூடி அப்படியே உறையவைக்கலாம். தூரமான ஏரிக்குப் போகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். போரூர் உங்களுக்குப் பக்கத்தில்தானே, தட்டைத் தாளே போதும். விலையும் அதிகம், உள்ளே என்ன தங்கியது என்று கண்ணால் பார்க்கவும் முடியாது, கையால் அழுத்தும்போது எவ்வளவு அழுத்தம் போகிறது என்பதும் தெரியாது.

சென்ட்ரிஃப்யூஜ் வேண்டாம். மைக்ரோசிஸ்டிஸ் செல்லுக்குள் வாயுக் குமிழ்கள் உண்டு, அதனால்தான் காலையில் ஏரியின் மேல் ஆடை மாதிரி மிதக்கிறது. சுற்றினாலும் அது அடியில் உட்காராமல் மேலே வந்து நிற்கும், மேல் தண்ணீரைக் கொட்டும்போது அதோடு போய்விடும்.

ஏரி_நடையர் எழுதியது:

நான் சயின்ஸ் படித்தவன் இல்லை, தினமும் காலையில் இந்த ஏரிக்கரையில் நடப்பவன், சுத்தம் செய்யும் குழுவிலும் இருக்கிறேன். நீங்கள் பேசுவதை வரி விடாமல் படித்தேன். வறட்சி வந்தபோது போரூர் ஏரித் தண்ணீரையும் சிக்கராயபுரம் கல்குவாரித் தண்ணீரையும் எடுத்துச் சுத்திகரித்துக் குழாயில் விட்டார்கள். 2019இல் லாரிக்குப் பின்னால் குடத்தோடு நின்றவன் நான், அதனால் கேட்கிறேன். குவாரித் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், ஏரித் தண்ணீர் பச்சையாக இருக்கும். தெளிவாக இருப்பதில் கிருமி குறைவா? எங்கள் அம்மா மழைக்காலத்தில் பழைய புடவைத் துணியை நான்காக மடித்துப் பானை வாயில் கட்டித்தான் தண்ணீர் ஊற்றுவார். அதில் ஏதாவது பயன் இருந்ததா, இல்லை மனத்திருப்திதானா?

வகுப்பறை_அம்மா எழுதியது:

ஐயா, உங்கள் அம்மா செய்ததில் பயன் இருந்தது, நிச்சயமாக. வங்கதேசத்தின் மட்லப் பகுதியில் ரீட்டா கோல்வெல் குழுவினர் கிராமத்துப் பெண்களிடம் பழைய புடவையைப் பல மடிப்பாக மடித்து வடிகட்டச் சொல்லிப் பார்த்தார்கள். 2003இல் வெளியான அந்த முடிவில் காலரா 48 சதவீதம் குறைந்திருந்தது. காலராக் கிருமி ஒன்றிரண்டு மைக்ரான் அளவுதான், புடவைத் துணியின் துளை அதைவிடப் பல மடங்கு பெரியது, அப்புறம் எப்படி நின்றது? அந்தக் கிருமி தண்ணீரில் தனியாக இருப்பதைவிட கோபிபாட் என்னும் கண்ணுக்கு அரைகுறையாகத் தெரியும் மிதவை உயிரிகளின் மேல் ஒட்டிக்கொண்டு இருப்பதுதான் அதிகம். துணி கோபிபாடைப் பிடிக்கிறது, கோபிபாடோடு கிருமியும் நிற்கிறது. புதுப் புடவையைவிடப் பழைய பருத்திப் புடவை நல்லது, துவைத்துத் துவைத்து நூல் தளர்ந்து துளை சின்னதாகியிருக்கும்.

மரபணு_தேடி தம்பி "முதல் தாளை எறியாதே" என்று சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. சென்னையில் இருந்துகொண்டு காலராக் கிருமியின் இனமான விப்ரியோவைத் தேடாமல் இருப்பதும் சரியில்லை. 1992இல் ஓ139 என்னும் புது காலரா வகை முதலில் தலைகாட்டியதே இந்த ஊரில்தான், பின்புதான் வங்காளம் பக்கம் பரவியது. மாணவிக்குச் சொல்கிறேன், 20 மைக்ரான் வலையில் தங்கியதைக் கொஞ்சம் எடுத்து ஆல்கலைன் பெப்டோன் வாட்டரில் (விப்ரியோவைப் பெருக்கும் குழம்பு) 6 முதல் 8 மணி நேரம் வைத்துவிட்டு, மேல் பரப்பிலிருந்து ஒரு லூப் (கம்பி வளையம்) எடுத்து விப்ரியோவுக்கான டிசிபிஎஸ் தட்டில் தீட்டிப் பார். மஞ்சள் காலனி வந்தால் உடனே காலரா என்று எழுதிவிடாதே, மஞ்சள் காலனி தரும் வேறு விப்ரியோக்களும் உண்டு, உறுதி செய்யும் சோதனைகள் பாக்கி இருக்கின்றன.

ஏரிக்கு வரும் கால்வாயில் கழிவுநீர் கலக்கிறதா என்று தேடுவதற்கு இன்னொரு எளிய வழி இருக்கிறது, அதை யாரும் இப்போது வகுப்பில் சொல்லித் தருவதில்லை. இங்கிலாந்தில் 1940களில் மூர் என்பவர் பாராடைஃபாய்டு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க, மருத்துவமனைக் காஸ் துணியைச் சுருட்டிக் கயிற்றில் கட்டிக் கால்வாய்க்குள் போட்டு வைத்தார். இரண்டு நாள் கழித்து எடுத்து அப்படியே ஊட்டக் குழம்பில் போட்டு வளர்த்தார். கால்வாயில் எந்த நேரத்தில் கிருமி வந்தாலும் துணி பிடித்து வைத்திருக்கும். நாம் காலை 7 மணிக்குப் போய் ஒரு பாட்டில் முகர்ந்து வந்தால் அந்த நிமிடத்துத் தண்ணீர் மட்டும்தான் நம் கையில். துணிக்குள் எத்தனை லிட்டர் ஓடியது என்று தெரியாததால் எண்ணிக்கை சொல்ல முடியாது, இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும். அதுவே பல நேரம் போதும்.

மரபணு_தேடி எழுதியது:

ஐயா கேட்ட குவாரி கேள்விக்கு: தெளிவாக இருப்பதால் கிருமி இல்லை என்று ஆகாது. தண்ணீரைக் கலங்கலாக்குவது பெரும்பாலும் பாசியும் மண்ணும்தான். நோய்க்கிருமி ஒரு லிட்டரில் சில நூறு இருந்தால் கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. வடிகட்டுபவருக்குத்தான் வித்தியாசம். தெளிந்த தண்ணீர் அதே 0.22 தாளில் லிட்டர் கணக்கில் இறங்கும், இறங்கவும் வேண்டும், ஏனென்றால் அதில் உயிரிகள் குறைவு, 150 மில்லியில் நிறுத்தினால் கிட்டில் வரும் தூசியே உங்கள் முடிவாக வந்துவிடும். அதற்காகத்தான் ஒவ்வொரு நாளும் ஆட்டோகிளேவ் செய்த தண்ணீரை ஒரு தாளில் விட்டு, அதையும் ஏரி சாம்பிள் மாதிரியே சீக்வென்சிங் வரை கொண்டுபோக வேண்டும்.

மழைக்கால_டாக்டர் எழுதியது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் மருத்துவம் பார்ப்பவன். ஒவ்வொரு அக்டோபர், நவம்பரிலும் தேங்கிய தண்ணீரில் நடந்துவிட்டு எலிக்காய்ச்சலோடு வருகிறவர்களைப் பார்க்கிறேன். அந்தக் காய்ச்சலைத் தரும் லெப்டோஸ்பைரா பாக்டீரியாவைத் தண்ணீரில் பிடிக்க இந்த ஃபில்டர்களில் எது?

வகுப்பறை_அம்மா எழுதியது:

டாக்டர், உங்கள் கிருமி மட்டும் மற்றதற்கெல்லாம் தலைகீழ். லெப்டோஸ்பைரா நீளத்தில் 6 முதல் 20 மைக்ரான் இருக்கும், ஆனால் தடிமன் 0.1 மைக்ரான் சுற்றித்தான், ஸ்க்ரூ மாதிரி சுழன்று சுழன்று 0.22 துளைக்குள்ளேயே நுழைந்து கீழே போய்விடும். ஆகவே அதை வளர்க்க விரும்புகிறவர்கள் தாளைப் பார்ப்பதில்லை. 0.45இலோ 0.22இலோ வடித்துவிட்டுக் குடுவையில் இறங்கிய தண்ணீரை எடுத்து ஈஎம்ஜேஎச் ஊடகத்தில் விடுகிறார்கள். மற்ற பாக்டீரியா மேலே தங்கிவிடுவதால் அதுவே ஒரு சுத்திகரிப்பு. மெதுவாக வளரும், வாரக்கணக்கில் பொறுமை வேண்டும்.

மாணவிக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. 0.22 என்றால் ஸ்டெரைல் என்று நாமெல்லாம் படித்தோம். தண்ணீரில் அதைத் தாண்டுபவை உண்டு. அமெரிக்காவில் நிலத்தடி நீரை 0.2இல் வடித்துவிட்டு, கீழே வந்ததை 0.1இல் பிடித்துப் பார்த்தபோது அதுவரை வளர்த்தே பார்த்திராத மிகச் சிறிய பாக்டீரியாக் குலங்கள் ஏராளமாகக் கிடைத்தன.

டயாலிசிஸ்_டெக்னீஷியன் எழுதியது:

வணக்கம். நான் டயாலிசிஸ் பிரிவில் வேலை செய்கிறேன், தண்ணீர் என் தினசரிக் கவலை. கிரிப்டோஸ்போரிடியம் பற்றி யாரும் பேசவில்லையே. குளோரினுக்கு அசையாதது அதுதான். 1993இல் அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தில் குழாய்த் தண்ணீர் வழியாக நான்கு லட்சம் பேர் அளவுக்கு வயிற்றுப்போக்கு வந்ததற்குக் காரணம் இந்த ஒட்டுண்ணி. அங்கே குளோரின் போட்டுத்தான் இருந்தார்கள், வடிகட்டும் படியில்தான் சறுக்கியது.

இதன் ஊசிஸ்ட் (தடித்த ஓட்டுக்குள் இருக்கும் நிலை) 4 முதல் 6 மைக்ரான். தாளில் நிற்கும், ஆனால் தண்ணீரில் மிகக் குறைவாக இருக்கும் என்பதால் 10 லிட்டராவது வடிக்க வேண்டும், 47 மில்லிமீட்டர் தாளில் ஏரித் தண்ணீர் 10 லிட்டர் நடக்காது. இதற்கு எங்கள் டயாலைசரையே (ரத்தத்தைச் சுத்திகரிக்கும் வடிகட்டி) பயன்படுத்துகிறார்கள் என்று படித்துவிட்டு, என் மேலதிகாரியிடம் கேட்டு, பிரிக்காத புது டயாலைசர் ஒன்றை வாங்கி, தெரிந்த பேராசிரியரின் ஆய்வகத்தில் சேர்ந்து செய்து பார்த்தோம். உள்ளே ஆயிரக்கணக்கில் மெல்லிய குழல் நார்கள், மேற்பரப்பு ஒரு சதுர மீட்டருக்கு மேல், அதனால் பாசித் தண்ணீரும் பொறுமையாக இறங்கியது. துளை நானோமீட்டர் கணக்கில் என்பதால் ஒட்டுண்ணி, பாக்டீரியா, வைரஸ் எல்லாம் ஒரே குழலில் தங்கும். ஒரு முனையை மூடி எல்லாத் தண்ணீரையும் சுவர் வழியாகத் தள்ளுவது ஒரு முறை. சுற்றிச் சுற்றி ஓடவிட்டு மெல்லச் சுண்டவைப்பது இன்னொரு முறை. முதல் முறை எளிது, ஒரு பெரிஸ்டால்டிக் பம்ப் போதும், கரையிலேயே செய்யலாம்.

கஷ்டம் எடுப்பதில்தான். தங்கியதைத் திரும்ப வெளியே கொண்டுவர ட்வீன் என்னும் சோப்பு மாதிரியான பொருள் கலந்த திரவத்தைப் பின்பக்கமாகத் தள்ள வேண்டும், அப்போதும் கையில் அரை லிட்டர் கலங்கல் தண்ணீர் நிற்கிறது, அதை மறுபடி சுண்டவைக்க வேண்டும். பாதி நாரிலேயே ஒட்டிக்கொண்டு போகிறதோ என்று எனக்குச் சந்தேகம். எவ்வளவு போனது என்று கண்டுபிடிப்பது எப்படி?

நீராய்வாளர் எழுதியது:

நல்ல கேள்வி கேட்டீர்கள், இதைத்தான் இத்தனை நேரம் யாராவது கேட்பார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த ஃபில்டர் சிறந்தது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. தெரிந்த எண்ணிக்கையில் போட்டு எத்தனை திரும்பி வருகிறது என்று பார்த்தால் பதில் அதுவாகவே வரும். ஆயிரம் போட்டு முந்நூறு வந்தால் மீட்பு 30 சதவீதம். இதைச் செய்யாமல் இரண்டு ஃபில்டரை ஒப்பிட்டேன் என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. சுத்தமான பஃபரில் கிருமியைப் போட்டு வடித்தால் எல்லா ஃபில்டரும் அழகாக எண் காட்டும். அதையே ஏரித் தண்ணீரில் போட்டால் பாசியும் மண்ணும் சேர்ந்து வேறு கதையாகிவிடும். ஆகவே அன்று எடுத்த அதே ஏரித் தண்ணீரில், அதே அளவில் போட வேண்டும். ஏரியில் ஏற்கனவே ஈ. கோலை இருக்குமே என்றால், ஒரு பங்கு தண்ணீரை எதுவும் போடாமல் வடித்து, அந்த எண்ணைக் கழித்துவிடு. இன்னும் சுத்தமாகச் செய்ய வேண்டுமானால், ஏரியில் இருக்க வாய்ப்பில்லாத ஓர் ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பு அடையாளம் கொண்ட தீங்கில்லாத வகையைப் போட்டு, அந்த மருந்து கலந்த தட்டில் எண்ணு. கோடையில் ஒரு முறை, மழை விட்ட வாரத்தில் ஒரு முறை செய். கோடையில் அடைப்பது பாசி, ஐப்பசியில் அடைப்பது சேறு, இரண்டுக்கும் ஒரே மீட்பு வராது. சேற்றை அடியில் தங்கவிட்டு மேல் தண்ணீரை எடுக்கலாமா என்று கேட்காதே, களிமண்ணில் ஒட்டியவர்கள் அதோடு அடியில் போய்விடுவார்கள்.

மரபணு_தேடி எழுதியது:

மேடம் சொன்னதோடு பிசிஆர் (டிஎன்ஏவைப் பல மடங்காக்கும் முறை) பக்கம் ஒரு சேர்க்கை. அதிகம் வடித்தால் அதிகம் கிடைக்கும் என்பது ஓர் எல்லை வரைதான். மட்கிய இலையும் ஆகாயத்தாமரையும் விடும் ஹ்யூமிக் அமிலம் தாளில் சேர்ந்து டிஎன்ஏவோடு வந்து பிசிஆரை நிறுத்திவிடும். டிஎன்ஏ அளக்கும் நானோட்ராப் கருவியில் டிஎன்ஏ நிறையக் காட்டும், பிசிஆரில் பட்டையே வராது. என் முதல் வருடத்தில் மூன்று மாதம் இதில் போனது, ஃபில்டரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கியூபிசிஆர் (டிஎன்ஏ பெருகுவதைச் சுழற்சி வாரியாக அளக்கும் பிசிஆர்) இருந்தால் டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்த்து மறுபடி போடுங்கள். சுத்தமாக இருந்தால் சுமார் 3.3 சுழற்சி தள்ளி வர வேண்டும். அதைவிட முன்னால் வந்தால், அல்லது நீர்க்காததில் எதுவும் வராமல் நீர்த்ததில் வந்தால், தடுப்பான் இருக்கிறது.

ஏரி_நடையர் எழுதியது:

கிரிப்டோ பற்றிப் படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. வீட்டில் என்ன செய்ய வேண்டும்?

டயாலிசிஸ்_டெக்னீஷியன் எழுதியது:

கொதிக்க வையுங்கள் அண்ணே. தண்ணீர் நன்றாகக் குமிழ் விட்டுக் கொதித்து ஒரு நிமிடம் ஆனால் அது செத்துவிடும். ஆறவைத்து மூடி வைத்துக் குடியுங்கள், வேறு எதுவும் வேண்டாம்.

நுண்ணுயிர்_மாணவி எழுதியது:

எல்லோருக்கும் சேர்த்து ஒரு பதில். நேற்று அதிகாலை 6 மணிக்குப் போனேன், ஏரி_நடையர் ஐயா தன் குழுவோடு வந்து கயிறு கட்டிய வாளியில் எடுத்துக் கொடுத்தார். ஐஸ் பெட்டியில் வைத்து 8 மணிக்கெல்லாம் ஆய்வகத்தில் ஆரம்பித்துவிட்டேன். கோலிஃபார்முக்கு 0.45இல் 10, 1, 0.1 மில்லி, கூடவே எம்பிஎன் குழாய்கள். டிஎன்ஏவுக்கு வலை, 3 மைக்ரான், 0.22 என்று வரிசையாக. கேஜ் 150ஐத் தாண்டவில்லை. 3 மைக்ரானில் பாசி தங்கிவிட்டதால் 0.22 தாளில் இடத்துக்கு 400 மில்லிக்கு மேல் இறங்கியது, எனக்கே நம்ப முடியவில்லை. ஒவ்வொரு தாளையும் நெருப்பில் காட்டிய இடுக்கியால் மடித்துத் தனிக் குழாயில் போட்டு அளவு எழுதி ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன். வெறும் தண்ணீர்த் தாளும் கூடவே இருக்கிறது. 0.22க்குக் கீழே இறங்கிய தண்ணீரில் 200 மில்லியை டாக்டருக்காக எடுத்து வைத்தேன், ஈஎம்ஜேஎச் எங்கள் துறையில் இல்லை, யாரிடமாவது கேட்க வேண்டும்.

இன்று காலை எம்எஃப்சி தட்டில் 1 மில்லி போட்டதில் எண்ணும் அளவுக்கு நீலக் காலனி வந்திருக்கிறது, 10 மில்லி தட்டு முழுக்கப் படர்ந்துவிட்டது, மேடம் சொன்ன மாதிரியே. மீட்புச் சோதனைக்கு அடையாளம் உள்ள ஈ. கோலை வகை கைடிடம் இருக்கிறதாம், அடுத்த வாரம் போடலாம் என்றார்.

ஒரு சந்தேகம் மட்டும். கால்வாயில் காஸ் துணி கட்டும்போது எவ்வளவு ஆழத்தில் தொங்கவிட வேண்டும்?

வகுப்பறை_அம்மா எழுதியது:

நடுத் தண்ணீரில், அடிச் சேற்றில் படாமல். கயிற்றுக்குப் பதில் நைலான் நரம்பில் கட்டு, மறுமுனையைக் கரையில் கல்லிலோ வேரிலோ இறுக்கி முடி. போடும்போதும் எடுக்கும்போதும் கையுறை கட்டாயம். எடுத்த துணியைப் பிழியாமல் அப்படியே ஸ்டெரைல் பையில் போட்டு ஐஸில் வைத்துக் கொண்டு வா. ஈஎம்ஜேஎச் எங்கள் துறையில் இருக்கிறது, எடுத்து வைத்த தண்ணீரை உறையவைத்துவிடாதே, அறைச் சூட்டில் இருட்டில் வை. திங்கட்கிழமை வந்து வாங்கிக்கொள்.